வற்றிய மாதங்களை நிரப்பிய மகனுக்கு

என் மகனே,

சென்ற ஆண்டு நம் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில், ஊரார் எல்லாரும் கேட்க, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்று சொன்னாய். அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அதன் பிறகு நீ வந்தபோதெல்லாம் சோறு போட்டேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன், பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இப்போது நீ கனடாவுக்குப் புறப்படுகிறாய். நீ போகுமுன் பதிலைச் சொல்லிவிட வேண்டும். உறையில் போட்டு ஒட்டி உன் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னதை நான் உறைக்குள் ஒளித்து மறுப்பது நியாயமாகாது. அதனால் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் இதில் போடவில்லை. நம் ஊரில் படிப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை, வெளியூரில் படிப்பவர்களுக்கு அதனால் பயனில்லை.

என் மறதியைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் மருந்துக் கடைக்காரர் சீட்டில் எழுதும் ஆங்கிலத்தை இன்றும் நின்று திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் அடுத்த இரண்டு வரி என் காதில் ஏறாது. விழுங்கிய சொல்லிலேயே நின்றுவிடுவேன். உன் அப்பா இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "உங்கம்மா மோட்சத்துக்குப் போனா அங்கே போர்டுல எழுத்துப் பிழை இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் உள்ளே போவா" என்பார். இப்படிப்பட்டவளுடைய மகன் நீ. என் தலைமயிர் நரைத்ததற்கும் முழங்கால் வலிப்பதற்கும் நீ சாட்சி சொல்லலாம். என் நினைவுக்கு எதிராக நீ சொன்ன சாட்சி பொய்.

மெட்ராஸில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தபோது நடந்த ஒன்றை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், நீயும் சிரித்திருக்கிறாய். ஒரு கணக்குப் பரீட்சை மிகக் கடினமாக வரும் என்று தெரிந்து, பயந்த பெண்கள் பலர் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எங்கள் சிஸ்டர் வந்தவர்களின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டி, வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தார். வகுப்பின் சராசரி மேலே ஏறிவிட்டது. பள்ளித் தலைவியான மதர் வந்து பாராட்டினார். நான் எழுந்து, "வந்திருந்தால் தோற்றிருக்கக்கூடியவர்கள் வராததால்தான் இந்த உயர்வு, சிஸ்டர்" என்றேன். சாயங்காலம் வரை சிற்றாலயத்துக்கு வெளியே முழங்காலில் நிறுத்தினார்கள். என் முழங்கால் வலி அங்கே தொடங்கியது என்று நீ வேடிக்கையாகச் சொல்வாய். அந்தக் கதையில் நீ சிரித்தது என் முழங்காலுக்கு மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது. கணக்கு உன் மனத்தில் பதியவே இல்லை.

பதிந்திருந்தால் நம் கிணற்றுக்கு இப்படிச் செய்திருக்க மாட்டாய். நீ நடை பழகுமுன்பே நம் வீட்டுக் கிணற்றை அரசாங்கத்தார் அளக்கும் கிணறாகத் தேர்ந்தெடுத்தார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு வெள்ளைக் குறி போட்டார்கள். மாதம் ஒருமுறை ஒரு மனிதர் சைக்கிளில் வருவார், அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்குவார், அது தண்ணீரைத் தொட்டதும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். கோடையில் நாடா போய்க்கொண்டே இருந்து, கடைசியில் சேற்றில் தட்டும். அப்போது அவர் எண் எழுதும் இடத்தில் ஒரு கோடு போடுவார். ஒருமுறை நான் விடாமல் கேட்டேன். "தண்ணீர் இல்லை என்று எழுதாமல் கோடு எதற்கு?" அவர் சிரித்தார். "நாடா தண்ணியில படணும்மா. படலைன்னா நான் இன்னா நம்பர எழுதறது? கோடுன்னா வத்திப் போச்சுன்னு ஆபீஸ்ல அல்லாருக்கும் தெரியும்." தெரிந்தவர்கள் இருந்தவரை அது போதுமானதாகத்தான் இருந்தது.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சித்திரையில் கிணறு வற்றித் தூர் வாரினோம். பெரியவர்கள் இறங்கிச் சேற்றை எடுத்துவிட்ட பிறகு, நானும் போவேன் என்று நீ அழுது அடம்பிடித்து, உன் அப்பா உன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார். பக்கத்து வீட்டுத் தேசம்மாதான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அடியில் போய் நின்று நீ கத்தினாய், "அம்மா, இங்க தண்ணியே இல்ல, வானம் சின்ன வட்டமா தெரியுது!" தேசம்மா மேலிருந்து, "அங்கயே இருடா கண்ணு, நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்" என்றாள். நீ அலறிய அலறலில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. உன் கால் அந்தக் கிணற்றின் உலர்ந்த அடியில் பட்டிருக்கிறது, மகனே. வேறு எந்தப் பொறியாளருக்கும் நான் இதை எழுத மாட்டேன்.

பிறகு நீ படித்தாய், நீர்வளம் பற்றிய வேலையில் சேர்ந்தாய், கணிப்பொறியில் புரோகிராம் எழுதுகிறாய் என்று கேட்டு நான் பெருமைப்பட்டேன். ஒரு சனிக்கிழமை உன் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாய். கணிப்பொறி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னாய். உள்ளே அந்தக் குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை எழுத்துகள் ஓடின. பல ஆண்டு நீர்மட்டத்தை மாத வரிசையில் அடுக்கிக் கொடுத்தால், அது ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே கோடாக வரைந்து, இனி வரும் ஆண்டுகளில் எப்படிப் போகும் என்பதையும் சொல்லும் புரோகிராம். நீயே எழுதியது. அச்சு இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டே தாளைத் தள்ளியது. தலைப்பில் நம் ஊர்ப் பெயர், நம் கிணறு. எனக்குக் கண் கலங்கியது உண்மைதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பங்குனியிலிருந்து ஆடி வரை கோடு மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக எழுந்தது. எந்த ஆண்டிலும் அது அடியைத் தொடவில்லை.

"நீ தூர் வார இறங்கின வருஷம் எங்கே?" என்று கேட்டேன்.

"இதோ" என்று விரல் வைத்தாய். அந்தச் சித்திரையிலும் தண்ணீர் இருந்தது.

"அப்போ நீ எதில் நின்னே?"

"அம்மா, அந்த மாசத்துக்கு நம்பர் இல்ல, வெறும் கோடுதான் இருந்தது. கம்ப்யூட்டர்ல கோட்டை ஏத்த முடியாது, காலியா விட்டாங்க. காலியா இருக்கிற மாசத்தை சாஃப்ட்வேரே நிரப்பிக்கும். முன்னால இருக்கிற நம்பருக்கும் பின்னால இருக்கிற நம்பருக்கும் நடுவுல ஒரு பாலம் மாதிரி. எல்லா ஊர்லயும் இப்படித்தான் செய்றாங்க."

அளக்க மறந்த மாதத்துக்குப் பாலம் போடலாம், அளக்கப் போய்த் தண்ணீரே இல்லாத மாதத்துக்கு எப்படிப் போடுவது என்று கேட்டேன். பிறகு, கிணற்றின் அடி ஆழத்தைக் கொடுத்து 'இதற்கும் கீழே' என்று குறிக்க உன் புரோகிராமில் ஒரு வழி இருக்கிறது என்று நீயே ஒப்புக்கொண்டாய். "ஆனா அப்படிப் போட்டா கோடு பொத்துனு பள்ளத்துல விழுந்துடும்மா. பார்க்க நல்லா இருக்காது. மேனேஜர் கேள்வி கேட்பார்" என்றாய். நான் அன்று திரும்பி வரும் வழி முழுக்க, நீ அதைத் திருத்திவிடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். இயந்திரத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமே.

அந்தத் தாளோடுதான் நீ ஊருக்கு வந்தாய். ஒரகடம் பக்கம் வரப்போகும் தொழிற்சாலைக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு ஊர் ஒப்புதல் கேட்டுப் போட்ட கூட்டம். பள்ளிக்கூடப் பெஞ்சுகளை வெளியே போட்டிருந்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவர், தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒருவர், நடுவில் நீ. பெரிய தாளில் கோட்டை வரைந்து தொங்கவிட்டு, கடுமையான கோடையிலும் இந்த அளவுக்குக் கீழே தண்ணீர் போனதில்லை, ஆகவே பயம் வேண்டாம் என்று அழகாகப் பேசினாய். உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து தேசம்மா எழுந்தாள்.

"இன்னா தம்பி, அந்தக் கோடு எங்க யக்கா வூட்டுக் கெணறா? அது சித்திரையில வத்திப்பூடுமே. ஒன்னிய கவுத்துல கட்டி எறக்கனதே நாந்தானே!"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "ஒக்காரு தேசம்மா, மிசினுக்கே பாடம் எடுக்குறியா?" என்றார்கள். நீ சிரிக்காமல், மரியாதையாக, "அத்தை, இதுல பல வருஷக் கணக்கு இருக்கு. நம்ம ஞாபகம் கூடக் கொறைய இருக்கும். கம்ப்யூட்டர் எதையும் மறக்காது" என்றாய். அவள் என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீ சொல்லு. ஒன் கெணறு தானே."

நான் எழுந்தேன். கிணறு பல கோடைகளில் வற்றியிருக்கிறது, வற்றிய மாதங்கள் இந்தக் கோட்டில் இல்லை, அந்த இடங்களில் இருப்பது அளந்த தண்ணீர் அல்ல என்று சொன்னேன். அப்போதுதான் அதைச் சொன்னாய். வயது. மறதி. கம்பெனி அதிகாரி உடனே எழுந்து எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "வெயில்ல நிக்காதீங்கம்மா" என்றார். ஒரு கோலி சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார்கள். அந்தச் சோடாவோடு என் பேச்சு முடிந்தது. நோயாளியைப் பார்ப்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு வரிசையாகப் போய் ஒப்புதலில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். தேசம்மாவின் மகனும் வைத்தான்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம். "என்னைத் தெரிந்த ஊர், என் பேச்சை ஏன் நம்பவில்லை?" என்று கேட்டேன். "ஒம் பேச்சைத்தான் யக்கா நம்புனாங்கோ" என்றாள் அவள். "எம்புள்ள கணக்குல தப்பே வராதுன்னு இத்தினி வருசமா தெருத் தெருவா சொன்னது ஆரு?" அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அதற்குப் பின் நடந்தது நீ பாதி அறிந்ததுதான், மீதியை எழுதுகிறேன். துளை போடும் வண்டிகள் வந்தன. தொழிற்சாலை இன்னும் எழவில்லை, கட்டடம் கட்டவே இரவும் பகலும் தண்ணீர் இறைத்து லாரியில் கொண்டுபோகிறார்கள். இந்த ஐப்பசியில் மழை பெய்தது. வழக்கமாகக் கார்த்திகையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தாலே நம் முகம் தெரியும். இந்தக் கார்த்திகையில் கயிறு முழுவதும் போய் வாளி சேற்றில் சாய்கிறது. மழைக்காலத்தில் வற்றிய கிணற்றை நான் மட்டுமல்ல, இந்தத் தெருவில் யாருமே பார்த்ததில்லை. தேசம்மா நவரைப் பட்ட நெல்லுக்கு நாற்று விட்டிருந்தாள். அவள் கிணற்று மோட்டார் இரண்டு நாள் தண்ணீரும் காற்றுமாகத் துப்பிவிட்டு, மூன்றாம் நாள் வெறும் காற்றை இழுத்தது. நாற்றங்கால் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகிவிட்டது. நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு அவளும் மருமகளும் அந்தக் கட்டடத்துக்கே சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். இந்த வயதில் தலையில் கல் சுமக்கிறாள். திரும்பும்போது காவல்காரனைக் கெஞ்சி ஒரு குடம் தண்ணீர் பிடித்து வருகிறாள். அதில் பாதியை எனக்கு ஊற்றுகிறாள். முதல் நாள் ஊற்றிவிட்டு, "குடிச்சிப் பாரு யக்கா, ஒன் கெணத்துத் தண்ணி தான். ருசி அப்பிடியே கீது" என்றாள். சிரித்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சென்ற மாதம் நீ விசா விஷயமாகச் சொல்ல வந்தபோது வாளியை உன் கண்ணெதிரே இறக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாய். "ஃபேக்டரியோட ரெண்டாவது கட்டத்துக்கு மறுபடியும் ரிப்போர்ட் போடுவாங்கம்மா. அதுல சரி பண்ணிக்கலாம்" என்றாய். யார் சரி செய்வார்கள் என்று கேட்டேன். உன் இடத்துக்கு வருகிறவரிடம் கணக்கு ஏற்றிய ஃப்ளாப்பிகளை ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னாய். அந்த ஃப்ளாப்பியில் நாடா தண்ணீரைத் தொட்டு வந்த எண்ணும், உன் புரோகிராம் இட்டு நிரப்பிய எண்ணும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றனவா, அல்லது நிரப்பியதற்குத் தனியாக ஒரு குறி இருக்கிறதா என்று கேட்டேன். குறி இல்லை என்றாய். அப்படியென்றால் வருகிறவர் எல்லாவற்றையும் அளந்த எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வார். முதல் கட்டத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் கேட்கும் இரண்டாவது கட்டமும் அதே கோட்டைக் காட்டி ஒப்புதல் வாங்கும். வல்லக்கோட்டை வரைக்கும் கிணறுகளுக்கு இதே கதிதான். எந்த மாதம் தண்ணீர், எந்த மாதம் வெறும் எண் என்று பிரித்துச் சொல்லக்கூடியவன் இன்று நீ ஒருவன்தான். நீ விமானம் ஏறிவிட்டால் ஒருவரும் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய வயதை நீ கடந்துவிட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நீ போகும் நாட்டில் ஆறுகள் பெரியவை, கருவிகள் நல்லவை என்கிறார்கள். அங்கேயும் எண் இல்லாத நாட்கள் இருக்கும். நிரப்புவதற்கு முன்னால் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேள். அளப்பவர் வரவில்லையா, கருவி கெட்டுப்போயிற்றா, அல்லது அளக்க அங்கே ஒன்றுமே இல்லையா? மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த ஊர்க்காரி ஒருத்தி எழுந்து பேசினால் அவள் கையில் சோடாவைக் கொடுக்காதே. அவளை அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போ. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், இது நான் நிரப்பியது என்று பக்கத்திலேயே எழுது. இதைச் செய்ய இயந்திரத்தின் திறமை போதும். செய்யச் சொல்வதற்கு உனக்குத் துணிவு வேண்டும். அதை நான் உனக்குக் கொடுத்திருப்பதாக நினைத்திருந்தேன்.

புதன்கிழமை உனக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ள வருவதாக எழுதியிருக்கிறாய். வா. வரும்போது வற்றிய மாதங்களை வற்றிய மாதங்களாகவே காட்டும் தாளை அச்சடித்துக்கொண்டு வா, கீழே கையெழுத்துப் போட்டு. முதலில் தேசம்மா வீட்டுக்குப் போய், அவள் நினைவும் என் நினைவும் சரி என்று அவளிடம் சொல். பிறகு இங்கே சாப்பிட வா. திங்கட்கிழமை காஞ்சிபுரத்தில் கலெக்டர் மனு வாங்கும் நாள். நானும் அவளும் போகிறோம். நீயும் கூட வந்து அந்தத் தாளை உன் கையாலேயே கொடுத்தால், மனுவில் இன்னொரு வரி சேர்ப்பேன்: கணக்கைப் போட்டவரே திருத்திக் கொடுத்தார் என்று. வராவிட்டாலும் மனு போகும்.

மனுவை எழுதி முடித்துவிட்டேன். தவறான கணக்கைத் தந்தவர் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் உன் ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், படிப்பு, பதவி எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் மறைத்ததை அதில் மறைக்க முடியாது. தேசம்மா விரல் வைக்குமுன் முழுவதையும் படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். உன் பெயர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல் சுமந்து தோல் உரிந்த கை. "அத்த மட்டும் வுட்டுடு யக்கா" என்றாள். "நம்ம புள்ள."

நான் விடவில்லை. முழுப் பெயரையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஈரத்தை முந்தானையில் ஒற்றிவிட்டு, மையில் விரலை வைத்தாள்.

உன் அம்மா